சங்கத்தின் தீர்மானம் காணியைக் கட்டுமா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள பழைய குடியேற்றக் கிராமமொன்றின் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் எழுதியனுப்பிய கேள்வியின் சாரம் இது. வீடுகள் மட்டுமே இருந்த ஒழுங்கையில் ஒருவர் தம் வளவின் முன்பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் கடை தொடங்கியிருக்கிறார். சங்கம் பொதுநோக்கு மண்டபத்தில் கூடி, குடிமனைகளுக்கு நடுவே பட்டறை கூடாது என்றும், மீறினால் 10,000 ரூபாய் தண்டம் என்றும் தீர்மானம் நிறைவேற்றிக் கடிதம் கொடுத்தது. அவர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் வசிக்கும் செயலாளரின் மைத்துனரோ, வேலிக்கு வேறு நிறம் பூசியதற்கே அங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கம் தம்மிடம் தண்டம் அறவிட்டதாகச் சொல்கிறார். அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை, நாமும் அப்படியொரு சங்கமாக மாற வழியுண்டா என்பது கேள்வி. மதில் பற்றியும் கட்டாக்காலி மாடுகள் பற்றியும் இரண்டு உபகேள்விகளும் கூடவே வந்தன.

அந்தத் தண்டத்தை உங்கள் சங்கம் அறவிட முடியாது. அவர் கட்ட மறுத்தால் நீங்கள் செல்லக்கூடிய நீதிமன்றமும் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகையைக் கேள்வி கேட்பதற்கு எழுத்தில் உள்ள விதிகள் குறைந்தது இரண்டு இடங்களில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, சங்கத்தின் குறிப்பேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத மூன்றாவது விதியொன்றை நீங்களே ஆக்கியதுதான் சிக்கல்.

பிரதேச செயலகமொன்றின் காணிக் கிளையில் பல ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். அயலவரோடு பிணக்கு என்று வந்த எவரிடமும் நான் முதலில் கேட்டது, நீங்கள் சொல்லும் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான். காணி உறுதியிலா, அனுமதிப்பத்திரத்திலா, சட்டத்திலா, அல்லது சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டிலா? நான்கும் எழுத்துத்தான், நான்குக்கும் ஒரே வலு இல்லை. உங்கள் மைத்துனரின் சங்கத்துக்கும் உங்கள் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு நிறுவனம் பெரிய நிலமொன்றை வாங்கி, அதை நூறு துண்டுகளாகப் பிரித்து வீடு கட்டி விற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது வீட்டை விற்பதற்கு முன்பே, அந்த நூறு துண்டுகளுக்கும் பொதுவான நிபந்தனைகள் அடங்கிய பிரகடனம் ஒன்றை அது எழுதி, அந்த மாவட்டத்தின் காணிப் பதிவேட்டில் பதிவு செய்துவிடும். வேலியின் உயரம், பூச்சின் நிறம், வீட்டில் வியாபாரம் நடத்தலாமா, கோழி வளர்க்கலாமா, மாதாந்தமோ ஆண்டுதோறுமோ எவ்வளவு கட்டணம் செலுத்த வேண்டும், அதை அறவிடும் சங்கம் எது என்பவையெல்லாம் அதில் இருக்கும். பிறகு அந்தத் துண்டை யார் வாங்கினாலும், இருபதாவது ஆளாக வாங்கினாலும், அந்த நிபந்தனைகளோடுதான் வாங்குகிறார். வாங்கிய அன்றே சங்கத்தின் உறுப்பினராகவும் ஆகிவிடுகிறார். விருப்பமில்லை என்று விலகி நிற்க அவருக்கு இடமில்லை. நிபந்தனை ஆளோடு ஒட்டியதல்ல, காணியோடு ஒட்டியது. மரத்தை விற்றால் வேரும் சேர்ந்து போவதுபோல, காணி கைமாறும்போது நிபந்தனையும் கைமாறுகிறது.

ஆகவே உங்கள் மைத்துனரின் சங்கம் பெரும்பான்மை வாக்கினால் மட்டும் அவர்மேல் அதிகாரம் பெறவில்லை. அவர் காணி வாங்கக் கையொப்பமிட்ட நாளிலேயே அந்த அதிகாரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார். அப்படியிருந்தும் சங்கம் நினைத்தபடி நடக்க முடியாது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சாசிலே தண்டம் விதிக்க முன் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, விளக்கம் சொல்லச் சந்தர்ப்பம் அளிக்க வேண்டும். செலுத்தப்படாத கட்டணம் வீட்டின்மேல் கடன் பொறுப்பாக ஏறும் என்பதும், சில மாநிலங்களில் அதற்காக வீட்டையே விற்பிக்க வழக்குத் தொடரலாம் என்பதும் உண்மை. ஆனால் ஒரே குற்றத்துக்கு ஒருவரைத் தண்டித்து மற்றவரை விட்டுவிட்ட சங்கமும், பல ஆண்டுகள் கண்டும் காணாமல் இருந்த சங்கமும் நீதிமன்றத்தில் தோற்றுப்போக இடமுண்டு.

வலய விதி என்பது இதிலிருந்து முற்றிலும் வேறானது. அது நகர ஆட்சி ஆக்கும் பொதுச்சட்டம்: இந்தப் பகுதி குடியிருப்புக்கு, அது வணிகத்துக்கு, அப்பால் தொழிற்சாலைக்கு என்று நிலத்தைப் பிரிப்பது. நியூயோர்க் நகரம் 1916இல் முழு நகரத்துக்குமான இத்தகைய விதியைக் கொண்டுவந்தது. 1926இல் ஒகையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இத்தகைய விதிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. இரண்டு விதிகளும் ஒரே காணியின்மேல் ஒருங்கே இருக்கலாம். ஒன்று மற்றதை அழிக்காது. நகரம் கோழி வளர்க்க அனுமதித்தாலும் உறுதி நிபந்தனை, அதாவது முன்சொன்ன பிரகடனத்தால் காணியோடு ஒட்டிய நிபந்தனை, மறுத்தால் வளர்க்க முடியாது. உறுதி நிபந்தனை பேசாமல் இருந்தாலும் நகரம் மறுத்தால் முடியாது. நகரத்தின் கட்டட அனுமதியைக் காட்டிச் சங்கத்தின் நிபந்தனையிலிருந்து தப்ப இயலாது. சங்கத்தின் சம்மதக் கடிதத்தைக் காட்டி நகரத்திடமிருந்தும் தப்ப இயலாது. இந்த இரண்டு சாவிப் பூட்டை நினைவில் வைத்திருங்கள்; இங்கும் அது இருக்கிறது.

உங்கள் மைத்துனர் ஹூஸ்டனில் இருப்பது இந்த விடயத்தில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் பெருநகரங்களுள் வலய விதியே இல்லாத ஊர் அது. 1948, 1962, 1993 ஆகிய மூன்று தடவைகள் வாக்கெடுப்பு வைத்தும் அந்நகர மக்கள் அதை ஏற்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பி நிற்பவை உறுதி நிபந்தனைகளே. வேறு நகரங்களில் உறுதி நிபந்தனை தனியார் விவகாரம் என்று நகர ஆட்சி ஒதுங்கிக்கொள்ளும். ஹூஸ்டனிலோ நகரத்தின் சட்டப் பிரிவே சில நிபந்தனைகளை நிறைவேற்ற வழக்குத் தொடரலாம். அதனால் அவர் காணும் சங்கத்தின் செல்வாக்கை அந்நாட்டின் பொதுநிலை என்றும் கொள்ள வேண்டாம்.

உறுதி நிபந்தனைக்கு ஒரு கறுத்த வரலாறும் உண்டு. கறுப்பினத்தவருக்கு இந்த வீட்டை விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஒருகாலத்தில் அங்கே ஆயிரக்கணக்கான உறுதிகளில் எழுதப்பட்டிருந்தது. 1948இல் ஷெல்லி என்ற குடும்பத்தின் வழக்கில், அத்தகைய நிபந்தனையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. 1968ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அதைச் சட்டவிரோதமாக்கியது. இதை வேண்டுமென்றே சொல்கிறேன். 'நம் ஒழுங்கைக்கு யார் வரலாம்' என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு சங்கத்தின் கையில் கிடைத்தால் அது எந்தத் திசைக்குப் போகும் என்பது சாதியை அறிந்த நமக்குத் தெரியாததல்ல.

இனி வன்னிக்கு வருவோம். உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. நாம் பேச்சுவழக்கில் 'பேமிற் காணி' என்பது இதைத்தான். அந்த அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் படித்தவர்கள் மிகக் குறைவு. முன்பக்கத்திலுள்ள பெயரையும் பரப்பளவையும் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். காணி எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது, பிரதேச செயலாளரின் முன்னனுமதி இல்லாமல் எவற்றைச் செய்யலாகாது, எப்படிப் பிரிக்கலாகாது, பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவரை, எவ்வாறு நியமிப்பது என்பவை நிபந்தனைகளாக அதிலே உள்ளன. அனுமதிப்பத்திரம் பின்னர் அளிப்புப் பத்திரமாக மாறினாலும் நிபந்தனைகள் முற்றாக விட்டுப்போவதில்லை. பின்னுரித்தாளருக்கும் அவை தொடர்கின்றன. அமெரிக்காவில் நிலம் விற்கும் நிறுவனம் எழுதும் பிரகடனத்தின் வேலையை இங்கே அரசு எழுதிய இந்த நிபந்தனைகளே செய்கின்றன. காணியோடு ஓடும் நிபந்தனை வன்னியில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதை நிறைவேற்றும் உரிமை சங்கத்திடம் இல்லை, பிரதேச செயலாளரிடம் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இரண்டாவது சாவி பிரதேச சபையிடம் இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் நான்கு; பிரதேச சபைகளோ கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என மூன்றுதான். கண்டாவளைப் பிரிவினர் காணிக்குக் கண்டாவளைச் செயலகத்துக்கும் கட்டடத்துக்குக் கரைச்சிப் பிரதேச சபைக்கும் போக வேண்டியிருப்பதை அறியாமல் கடிதத்தைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், 1915ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையிலுள்ள வீடமைப்பு, நகர மேம்பாடு பற்றிய கட்டளைச் சட்டமும் சபைக்குக் கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும் அதிகாரத்தைத் தருகின்றன. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடமாயின், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான அபிவிருத்தி அனுமதியும் வேண்டும். அமெரிக்கர் வலய விதி என்று சொல்வதற்கு மிக அருகே வருவது இதுவே.

இப்போது அந்த வெல்டிங் கடையை இந்த இரண்டு சாவிகளோடும் வைத்துப் பாருங்கள். கொட்டகைக்குக் கட்டட அனுமதி பெறப்பட்டதா? தொழிலுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படுமா? மாசு குறைந்த சிறு தொழில்கள் சிலவற்றுக்கு அந்த உரிமத்தை உள்ளூராட்சி மன்றமே வழங்குகிறது. இவை மூன்றும் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை. காணி எந்த நோக்கத்துக்கு வழங்கப்பட்டது, கடை வைக்க அனுமதி கேட்கப்பட்டதா என்பது பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்க வேண்டியது. சபை அனுமதி கொடுத்திருந்தாலும் காணியின் நிபந்தனை மீறப்பட்டிருக்கலாம். காணிக் கிளை தடை சொல்லாவிட்டாலும் சபையின் அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

அதிகாரிகள் வாய்வழியாகப் பதில் சொல்லத் தயங்கினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு இருக்கிறது. இன்ன இலக்கக் காணியில் கட்டட அனுமதியும் வியாபார அனுமதியும் வழங்கப்பட்டனவா, வழங்கப்பட்டிருந்தால் எந்தத் திகதியில், எந்த நிபந்தனைகளோடு என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். முறைப்பாட்டுக்கு முன்பாக இதைச் செய்யுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. அனுமதி இருக்கிறதா என்று தெரியாமல் 'சட்டவிரோதக் கட்டடம்' என்று எழுதி, பிறகு அவர் முறையான பத்திரத்தை நீட்டும்போது தலைகுனிந்து நின்ற சங்கங்கள் உண்டு.

முறைப்பாட்டைச் சபையின் தவிசாளருக்கு எழுதிச் செயலாளருக்குப் பிரதி அனுப்புங்கள். அதில் தண்டத்தைப் பற்றியோ தீர்மானத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். எந்த நாட்களில், எத்தனை மணிவரை அரைக்கும் இயந்திரம் ஓடுகிறது, வெல்டிங் வெளிச்சம் எந்த வீட்டின் யன்னலுக்கு நேரே படுகிறது, வீதியிலிருந்து கொட்டகை எத்தனை அடியில் நிற்கிறது, படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பதற்கு அது போதும். தொல்லை பொதுமக்களைப் பாதிக்குமளவு கடுமையாக இருந்து, சபையும் அசையாவிட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் நீதவான் அதை அகற்ற நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். அதற்கு முன், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்க சபை என்றொரு படி இருக்கிறது. வேலை நேரத்தைக் குறைத்து, ஒழுங்கைப் பக்கம் ஒரு மறைப்புச் சுவர் வைத்தால் தீரக்கூடிய பிணக்கு அங்கேயே தீரட்டும்.

பிரதேச செயலாளரிடம் நேரே போய் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யுங்கள் என்று கேட்பதை நான் விரும்பவில்லை. சட்டப்படி அது உடனே நடக்கிற காரியமும் அல்ல: அறிவித்தல் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், மேன்முறையீட்டுக்கு வழிவிட வேண்டும். ஆனால் அது நடந்தேறினால் போவது கடை அல்ல, அந்தக் குடும்பத்தின் வீடு. 2009க்கு முன்னும் பின்னும் எத்தனை தடவை இடம்பெயர்ந்து, பத்திரங்களைத் தொலைத்து, காணிப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று கச்சேரி வாசலில் நின்று மீட்ட காணி அது என்பதை அயலவரான நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

அப்படியானால் சங்கமாகக் கூடி எடுக்கும் முடிவுக்கு இங்கே வலுவே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, அது உங்கள் கண்முன்னே ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கிறது. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், விதைப்பு எந்தத் திகதிக்குள், வாய்க்கால் துப்புரவு எப்போது, கால்நடைகளை எந்த நாளிலிருந்து அப்புறப்படுத்துவது என்று அங்கே தீர்மானிக்கப்படுகிறது. கூட்டத்துக்கு வராதவரையும், வந்து எதிர்த்தவரையும் அது கட்டுப்படுத்துகிறது. ஏன்? பெரிய குளங்களின்கீழ் நடக்கும் அந்தக் கூட்டத்தின் முடிவுக்கு 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பின்னால் நிற்கிறது. மீறினால் நீதவான் முன் நிறுத்தலாம். கமக்காரர் அமைப்புகளுக்கும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இடமுண்டு. வயற்காணியை மண்போட்டு நிரப்பி வீடோ கடையோ கட்டுவதை அதே சட்டம் எழுத்து மூல அனுமதியின்றித் தடுக்கிறது. அதற்குக் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ இப்படியொரு சட்டம் பின்னால் இல்லை. அதன் யாப்பு உறுப்பினரை மட்டும், உறுப்பினராக இருக்கும்வரை மட்டும் கட்டும். அந்த வெல்டிங் கடைக்காரர் நாளைக்கே விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் கதை முடிந்தது.

அமெரிக்கச் சங்கத்துக்கு இலங்கையில் நெருங்கிய உறவு அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் மாடிவீடொன்றை வெள்ளவத்தையில் வாங்குபவர், வாங்கியதும் அதன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினராகிறார். பராமரிப்புக் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும். தனிவளவுகள் கொண்ட நம் ஒழுங்கைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

உறுதிக் காணியாயின் ஒரு வழி இருக்கிறது. வவுனியா நகரைச் சுற்றி நடப்பதுபோல, ஒருவர் தம் காணியைத் துண்டாக்கி விற்கும்போது, ஒவ்வொரு உறுதியிலும் ஒரே நிபந்தனையை நொத்தாரிசு மூலம் எழுதுவித்துக் காணிப் பதிவகத்தில் பதியலாம். அது எவ்வளவு தூரம் பின்வருவோரைக் கட்டும் என்பது எழுதும் விதத்தைப் பொறுத்தது. காணிச் சட்டம் அறிந்த சட்டத்தரணியைக் கொண்டே எழுதுவிக்க வேண்டும். ஏற்கெனவே ஆளுக்கொரு பத்திரத்தோடு குடியிருக்கும் ஒழுங்கைக்கு இது உதவாது. எல்லோரும் சேர்ந்து ஒப்பந்தம் எழுதலாம். கையொப்பமிட்டவரை அது கட்டும், அவரிடமிருந்து வாங்குபவரைக் கட்டாது. பேமிற் காணியின்மேல் புதிதாக நிபந்தனை ஏற்றவோ உங்களால் இயலாது.

மதில் விடயம் சிறியது. கதியால் வேலியை எடுத்துவிட்டு எல்லோரும் ஒரே உயரத்தில் மதில் கட்ட வேண்டும் என்று சங்கம் வற்புறுத்த முடியாது. கட்டக் கூடாது என்று தடுக்கவும் முடியாது. ஒழுங்கைப் பக்கம் மதில் கட்ட விரும்புபவர் முதலில் சபையிடம் தெருக்கோடு, அதாவது வீதிக்கென ஒதுக்கிய எல்லை, எங்கே ஓடுகிறது என்று கேட்க வேண்டும். பத்தடி ஒழுங்கையாகக் கண்ணுக்குத் தெரிவது சபையின் ஏட்டில் இருபதடியாக இருக்கலாம். கிளுவைக் கதியாலைப் பிடுங்கி உள்ளே நட ஒரு காலைப்பொழுது போதும். மதிலை அப்படி நகர்த்த முடியாது.

கட்டாக்காலி மாடுகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. வீதியிலும் பொது இடங்களிலும் திரியும் மாட்டைப் பிடித்துக் கட்டி, உரிமையாளரிடம் தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிடும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்கிறது. பயிர்க்காலத்தில் வயலுக்குள் இறங்கும் மாடுகளைப் பற்றிய முடிவு பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குரியது. ஆகவே இதற்கும் தனித் தீர்மானம் எழுத வேண்டாம். அடுத்த போகக் கூட்டத்துக்கு முன்னதாக உங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளரைச் சந்தித்து, கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதியோடு, பிடிபடும் மாட்டைக் கட்டி வைக்கும் இடத்தையும் அதற்குப் பொறுப்பானவரையும் கூட்டத்தின் முடிவுகளில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.